எல்கடுவ, ‘எண்கடுவ’ ஆன கதை

சென்ற மாதம் என் அண்ணனின் மகள் ஜேர்மனியிலிருந்து எல்கடுவைக்கு வந்திருந்தாள். வத்தேகமையிலிருந்து மேலே ஏறும் வளைவுப் பாதையில் களைத்துப் போயிருந்தவள், தேநீர் அருந்தி முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“சித்தப்பா, அப்பா எழுதியதெல்லாம் இதில் இருக்கிறது. திறந்தால் தமிழாக வருவதில்லை. நீங்கள் பத்திரிகைக்காரர்தானே, பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள்.

அண்ணன் காலமாகி ஓராண்டு கடந்துவிட்டது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, விடியும்வரை கணினி முன் அமர்ந்து ஏதோ எழுதிக் கொண்டிருப்பார் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். என்ன எழுதினார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கோப்புகளை என் கணினியில் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடுக்கடுக்காய் வந்து விழுந்தன. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. எனக்கோ பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லின் உள்ளுடம்பு அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் பாமினியோடு குடும்பம் நடத்திய இலங்கைப் பத்திரிகைக்காரன் எவனுக்கும் அது கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய விடயமன்று.

கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்ற முற்பட்ட வேளையில் அவள் என் விசைப்பலகை முன் அமர்ந்திருந்தாள். எதையோ அழிக்க வேண்டியிருந்தது. விரல் அங்குமிங்கும் அலைந்தது. “சித்தப்பா, என்ட்ஃபெர்னென் எங்கே?” என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்த ஊரில் ‘டிலீட்’ விசைக்கு அதுதான் பெயர். அகற்று என்று பொருள். ஜேர்மன் விசைப்பலகையில் அதன் முதல் சில எழுத்துகளைச் சுருக்கிப் பொறித்திருப்பார்கள். இந்தச் சிறு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

சாவியா, விசையா, தொடுகையா?

நாம் நாள்தோறும் விரல் வைக்கும் அந்தச் சிறு சதுரத்துக்கு ஆங்கிலேயன் இட்ட பெயர் ‘கீ’. பூட்டைத் திறக்கும் சாவிக்கும் அதே சொல்தான். இசைக்கருவிகளின் கட்டைகளுக்கு வழங்கி, பின்னர் தட்டச்சுப் பொறிக்கு இறங்கி வந்த பெயர் அது. ஜேர்மானியர் அதை ‘டாஸ்ட’ என்கிறார்கள். தொட்டுத் தடவி உணர்தல் என்ற வினையோடு உறவுள்ள சொல். ஆங்கிலேயன் திறப்பதை நினைத்தான்; ஜேர்மானியன் தொடுவதை நினைத்தான்.

தமிழிலோ இரண்டு வழக்குகள். தமிழ்நாட்டார் ‘விசை’ என்றார்கள். அழுத்தினால் எழும் இயக்கத்தையும் அதன் உந்துதலையும் குறிக்கும் நல்ல சொல். இலங்கையின் பாடசாலை நூல்களிலோ ‘சாவிப்பலகை’ என்ற சொல் புழங்குகிறது. ஆங்கிலத்தின் ‘கீ’யை அப்படியே பெயர்த்தது அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாவி என்பதே நம்முடைய சொல் அன்று. ‘ஷாவே’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உருவம் அது. 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களுள் ஒன்று, ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கிலச் சொல்லொன்றுக்கு மொழிபெயர்ப்பாக உட்கார்ந்திருக்கிறது. திறவுகோல் என்ற பழஞ்சொல்லை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பத்திரிகையில் ‘விசை’ என்றே எழுதி வந்தேன். அதையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

இல்லாத வண்டியின் பெயர்கள்

1987இல் மாத்தளை நகரில் ஒரு தட்டச்சு வகுப்பில் சேர்ந்தேன். பத்தாண்டுகளுக்கு முன்னர் அண்ணன் பழகிய அதே இடம். எல்கடுவையிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். இரண்டு ஆங்கிலப் பொறிகள், ஒரேயொரு தமிழ்ப் பொறி. அந்த ஒன்றுக்காக முறைவைத்துக் காத்திருப்போம். இடக்கை விரல்களுக்கு ய, ள, ன, க. வலக்கை விரல்களுக்கு த, ம, ட. விசைகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காக ஆசிரியர் நம் கைகளின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவார்.

கணினி விசைகளின் ஆங்கிலப் பெயர்களெல்லாம் அந்த இரும்புப் பொறியின் எச்சங்கள் என்பது அங்கே பழகியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லதாம் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்கள். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்து வந்த ரெமிங்டன் நிறுவனம் 1870களில் அதனைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. முதற்பொறி பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. 1878இல் வந்த இரண்டாவது ரெமிங்டனில்தான் ‘ஷிஃப்ட்’ விசை பிறந்தது. ஒவ்வோர் அச்சுக்கோலின் நுனியிலும் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அந்த விசையை அழுத்தினால் காகிதம் சுற்றிய உருளை உண்மையாகவே இடம்பெயரும். இடம்பெயர்த்தல் என்பதுதான் அச்சொல்லின் பொருள். இன்று எதுவும் இடம்பெயர்வதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

‘ரிட்டர்ன்’ என்பதும் அப்படியே. வரி முடியும் தறுவாயில் மணி ஒலிக்கும். இடப்பக்கத்து நெம்புகோலைத் தள்ளி உருளை வண்டியைத் தொடக்கத்துக்குத் திருப்புவோம். திரும்புவதற்கு இன்று வண்டி இல்லை. அழிக்கும் விசையின் கதை வேறு. துளையிட்ட காகித நாடாவில் செய்தி அனுப்பிய காலத்தில், தவறாகத் துளையிட்ட எழுத்தை அழிக்க அதன் ஏழு இடங்களிலும் துளை போட்டுவிடுவார்கள். அதனால்தான் கணினிக் குறிமுறையில் அழிப்புக்குரிய எண் 127 ஆயிற்று; ஏழு துளையும் நிறைந்த எண் அது. ‘எஸ்கேப்’ விசை அவற்றுக்கெல்லாம் இளையது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பாப் பீமர் 1960இல் முன்வைத்த குறியீட்டிலிருந்து வந்தது. ஒரு குறிமுறையிலிருந்து தப்பி இன்னொன்றுக்குள் போவதற்கான வாசல்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இவை பாட்டன் வீட்டுப் பாத்திரங்கள். வாங்கிப் புழங்குபவர்களாகிய நமக்கு அவை வெறும் ஓசைகள்.

மொழிபெயர்த்த நாடு

ஜேர்மானியர் ஓசைகளை வாங்கிக் கொள்ளவில்லை. பொருளைப் பெயர்த்துக் கொண்டார்கள். ‘ஷிஃப்ட்’ அங்கே ‘உம்ஷால்ட்டாஸ்ட’, மாற்றிவிடும் விசை. பெரிய எழுத்தைப் பூட்டிவைக்கும் விசை அங்கே நிலைநிறுத்தும் விசை. ‘என்டர்’ அங்கே உள்ளீட்டு விசை. ஆங்கிலத்தில் இடத்தையும் தமிழில் இடைவெளியையும் குறிக்கும் நீண்ட கட்டை, ஜேர்மனில் ‘லேயர்டாஸ்ட’, வெறுமை விசை. ‘ஹோம்’ விசையை வீடு என்று பெயர்க்காமல், ‘பொசிட்ஸியோன்’ என்ற சொல்லின் முதல் மூன்றெழுத்தையும் 1 என்ற எண்ணையும் பொறித்தார்கள். முதலாம் இடம் என்பது பொருள். பக்கம் மேலே, பக்கம் கீழே என்ற விசைகளில் ‘பில்ட்’ என்று இருக்கும். படம் என்று பொருள். திரையில் தெரியும் ஒரு முழுக்காட்சியை நகர்த்துவதால் அப்பெயர்.

இவற்றுள் புகழ்பெற்றது ‘கன்ட்ரோல்’ விசைதான். கட்டுப்படுத்தல் என்ற பொருளில் ‘ஷ்டொயெருங்’ என்றார்கள். சதுரத்துக்குள் அடங்காமையால் எஸ், டி, ஆர், ஜி என்ற நான்கு எழுத்துகளாகச் சுருக்கினார்கள். அதை ‘ஸ்ட்ரிங்’ என்று வாசிக்கும் ஜேர்மானியர் இன்றும் நிறையப் பேர். தன் மொழியில் பெயர் வைத்தாலும் சுருக்கும்போது பிழைத்துவிடும் என்பதற்கு அது சாட்சி. என் அண்ணன் மகளும் அதை ‘ஸ்ட்ரிங்’ என்றே சொன்னாள். நான் பொருளை விளக்கியபோது வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பெயரோடு அவர்கள் நிற்கவில்லை. எழுத்துகளின் இருப்பிடத்தையும் தம் மொழிக்கேற்ப மாற்றினார்கள். ஜேர்மனில் ‘ஒய்’ அபூர்வமான எழுத்து. ‘ஸெட்’ அடிக்கடி வருவது. ஆகவே ஆங்கிலப் பலகையின் மேல்வரிசை நடுவில் இருந்த ஒய்யைக் கீழ்வரிசையின் இடக்கோடிக்கு அனுப்பி, அங்கிருந்த ஸெட்டை மேலே கொண்டு வந்தார்கள். தலையில் இரு புள்ளி வைத்த அ, ஒ, உ வகை உயிர்களுக்கும் தனி இடம் கொடுத்தார்கள். அப்படி வைத்ததில், ஆங்கிலப் பலகையில் அரைப்புள்ளி இருந்த இடத்தில் புள்ளியிட்ட ஒகரம் குடியேறியது. இந்த இரண்டு மாற்றங்களும் ஒரு மலையகத் தமிழனின் எழுத்தைப் பின்னாளில் எப்படிக் குழப்பின என்பதற்குச் சற்றுப் பொறுத்து வருகிறேன்.

திரெஸ்டனில் பிறந்த தமிழ்ப் பொறி

ஜேர்மனிக்கும் தமிழுக்கும் விசைகளின் வழியே ஒரு பழைய உறவு உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தவர். 1886இல் சுண்டுக்குளியில் பிறந்து, 1907இல் மலாயாவுக்குப் பெயர்ந்தவர். அங்கே எழுதுவினைஞராக உழைத்த காலத்தில், ஆங்கிலக் கடிதங்கள் நொடியில் உருவாவதையும் தமிழ்க் கடிதங்கள் கையால் எழுதப்படுவதையும் கண்டவர், தமிழுக்கு ஒரு பொறி செய்வதைத் தம் வாழ்நாட் பணியாக வரித்துக் கொண்டார்.

அவர் எதிர்கொண்ட கணக்கை எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. பொறியிலோ நாற்பத்துச் சொச்சம் விசைகள்தாம். விசை ஒன்றுக்கு இரண்டு வடிவம் என்றாலும் தொண்ணூற்றைத் தாண்டாது. 247ஐத் தொண்ணூறுக்குள் அடக்குவதற்கு, தமிழ் எழுத்தை உறுப்புறுப்பாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு ஆகியவை தனித்து நிற்பவை. அவற்றுக்குத் தனி விசை. ஒகர உயிர்மெய்க்குப் புதிய விசை வேண்டியதில்லை. கொம்பையும் காலையும் இரு பக்கமும் நிறுத்தினால் போதும். உகர, ஊகார உயிர்மெய்கள்தாம் மெய்க்கு மெய் வடிவம் மாறித் தொல்லை தருபவை. அவற்றுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும்.

மிஞ்சியவை எழுத்தின் தலைமேல் ஏறும் புள்ளியும், தோளில் ஒட்டும் இகர, ஈகார விசிறிகளும். இவற்றைத் தனியே அடித்தால் எழுத்துக்கு வலப்புறம் விலகிப் போய் நிற்கும். இதற்குத் தீர்வாக அமைந்ததுதான் நகரா விசை. சாதாரண விசையை அழுத்தினால் அச்சு விழுந்ததும் உருளை வண்டி ஓரெழுத்து நகரும். நகரா விசையை அழுத்தினால் அச்சு மட்டும் விழும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். அடுத்து வரும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். முதலில் புள்ளி, பிறகு ககரம், காகிதத்தில் ‘க்’. ஏட்டில் எழுதுகிறவன் எழுத்தை எழுதிப் புள்ளி வைப்பான். பொறியில் எழுதுகிறவன் புள்ளி வைத்து எழுத்தை எழுதுவான்.

இவ்வகை விசைக்கு ஆங்கிலேயன் இட்ட பெயர் செத்த விசை. ஜேர்மானியனும் ‘டோட்ட டாஸ்ட’, செத்த விசை என்றே பெயர்த்தான். வண்டியை நகர்த்தாததால் அது செத்துவிட்டதாம். தமிழில் மட்டும் அது நகரா விசை. தான் நகராமல் நின்று, அடுத்து வரும் எழுத்துக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. மூன்று மொழிப் பெயர்களில் பொறியின் செயலைப் பிழையறச் சொல்வது தமிழ்ப் பெயர்தான் என்பேன். மெய்க்கு உயிர் வந்து சேர்வதை இலக்கணமாகக் கொண்ட மொழிக்காரன், மெய்மேல் ஏறும் புள்ளியைச் செத்தது என்று சொல்ல மாட்டான் அல்லவா?

முத்தையாவின் அமைப்பை இரும்பில் வடித்துத் தந்தது ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அண்டு நௌமன் நிறுவனம். 1868இல் தொடங்கப்பட்டு, 1900 முதல் ‘ஐடியல்’ என்ற பெயரிலும், 1910 முதல் ‘எரிகா’ என்ற கையடக்கப் பொறியாகவும் தட்டச்சுப் பொறிகளைச் செய்த நிறுவனம் அது. வெளிநாடுகளுக்கு ‘பிஜோ’ என்ற பெயரில் அனுப்பினார்கள். தமிழ் எழுத்துகள் பொறித்த பிஜோ இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே மலாயா, இலங்கை, தமிழகம் என்று தமிழர் வாழ்ந்த நிலங்களில் உலாவியது. 1945 பெப்ரவரியில் திரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. போருக்குப் பின் கிழக்கு ஜேர்மனியின் ஆட்சியில் அந்நகரில் எரிகா பொறிகள் தொடர்ந்து செய்யப்பட்டன. தமிழ்ப் பொறிகளைப் பிற்காலத்தில் ரெமிங்டன் போன்ற வேறு நிறுவனங்கள் செய்தன. விசை அமைப்பும் மாற்றங்கள் கண்டது. ஆனால் உறுப்புறுப்பாகக் கழற்றி அடுக்கும் அந்த வழியும் நகரா விசையும் மாறவில்லை.

தட்டச்சுப் பொறி இல்லாத அலுவலகங்கள்

எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் ஓர் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி இருந்தது. பெரட்டுக் களத்தில் நிற்கும்போதே அதன் சத்தம் கேட்கும். பெரிய கிளாக்கர் ஒருவர்தான் அதைத் தொடுவார். பெயர் வெட்டுவதும் வேலை கொடுப்பதும் அந்தச் சத்தத்திலிருந்து வரும் காகிதத்தில் இருந்தமையால், தோட்டத்து மக்கள் அதைத் துரையின் குரலாகவே கேட்டுப் பழகியிருந்தார்கள்.

1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னரே தமிழும் அரசகரும மொழி என்ற நிலையைப் பெற்றது. 1948இல் பிரசாவுரிமை இழந்த மலையக மக்களுக்கு இந்த இடைக்காலம் முழுவதும் கடிதங்களின் காலம். விண்ணப்பம், நினைவூட்டல், மேன்முறையீடு. எங்கள் அப்பாவுக்கு ஒருநாள் அத்தகைய கடிதமொன்று சிங்களத்தில் வந்தது. லயத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. எல்கடுவச் சந்தியிலிருந்த கடைக்காரர் வாசித்துச் சொன்னார். நேரில் சமுகமளிக்க வேண்டிய நாள் அதற்குள் கடந்துவிட்டிருந்தது. அப்பா அந்த அலுவலகத்துக்குப் போய், தமிழில் ஏன் எழுதவில்லை என்று தயங்கித் தயங்கிக் கேட்டாராம். தமிழ்த் தட்டச்சுப் பொறி இல்லை என்பது பதில்.

அண்ணன் மாத்தளைக்குப் போய்த் தட்டச்சுப் பழகியது அந்தப் பதிலால்தான். 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவுக்குப் பெயர்ந்தபோது அவரும் போனார். அங்கே பழைய தமிழ்ப் பொறி ஒன்றை வாங்கி, மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தார். அவர் கண் காகிதத்தில் இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும் என்பார்கள்.

1983 ஜூலைக்குப் பின் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் புகுந்தார்கள். கிழக்கு பெர்லினில் விமானமிறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் நுழைவது அந்நாளைய வழி. 1985இல் அண்ணனும் அவ்வழியே போனார். தமிழ்ப் பொறி பிறந்த திரெஸ்டன் நகரம் அவர் இறங்கிய இடத்திலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான். அவர் அதை அறிந்திருக்க மாட்டார்.

ஒய்யும் ஸெட்டும் செய்த வேலை

1990களில் கணினி வந்தது. இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பாமினி எழுத்துருவைக் கைக்கொண்டார்கள். அதன் விசை அமைப்பு தட்டச்சுப் பொறியை ஒட்டியதாகையால் பழைய விரல்கள் எளிதில் பழகிக் கொண்டன. எழுத்துரு என்பது ஒரு முகமூடி. கணினியின் நினைவில் இருப்பது ஆங்கில எழுத்துதான். ஜே என்று இருப்பதைத் தகரமாகக் காட்டும், கே என்று இருப்பதை மகரமாகக் காட்டும். முகமூடி இல்லாத கணினியில் முகம் ஆங்கிலமாகிவிடும்.

நான் பணியாற்றிய கொழும்புப் பத்திரிகையில் ஒரு சிக்கலை நாள்தோறும் பார்த்தோம். பழைய தட்டச்சாளர்கள் அடித்த பிரதிகளில் புள்ளிகள் ஓரெழுத்து முன்தள்ளி விழுந்திருக்கும். பொறியில் புள்ளியை முதலில் அடித்துப் பழகிய விரல் அது. பாமினியில் எழுத்தை அடித்த பின்னரே புள்ளி. நகரா விசை இறந்து போனதை விரல்கள் ஏற்றுக் கொள்ளச் சில மாதங்கள் ஆயின. ஒப்புநோக்குநர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

அண்ணனுக்கு அதற்கும் மேலான சோதனை. அவர் முன் இருந்தது ஜேர்மன் பலகை. பாமினியில் ஒய் என்பது லகரம்; ஸெட் என்பது ணகரம். ஜேர்மானியர் அவ்விரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தமையால், லகரத்தைத் தேடிப் போன அவர் விரல் ணகரத்தை அடித்தது. ணகரத்தைத் தேடிய விரல் லகரத்தை அடித்தது. அரைப்புள்ளியின் பழைய இடத்தில் வேறோர் எழுத்து இருந்ததால் புள்ளியையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. புள்ளி தவறினால் கண்ணுக்கு உடனே தெரியும், திருத்தியிருப்பார். லகரமும் ணகரமும் மாறினால் விரலை நம்பிக் கண்ணை வேறெங்கோ வைத்திருப்பவருக்குத் தெரியாது.

ஆக, கோப்பை ஒருங்குறிக்கு மாற்றியபோது என் அண்ணனின் தமிழ் இவ்வாறு எழுந்து வந்தது. கண்ணீர் ‘கல்லீர்’ ஆகியிருந்தது. மலையகம் ‘மணையகம்’ ஆகியிருந்தது. கல் இருந்த இடத்தில் கண், பண் இருந்த இடத்தில் பல். எங்கள் எல்கடுவ ‘எண்கடுவ’ ஆகியிருந்தது. முதலில் சிரித்தோம். பிறகு சிரிக்க முடியவில்லை. அந்த ‘எண்கடுவ’வில்தான் அப்பாவுக்கு வந்த சிங்களக் கடிதத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தார். எனக்கு அப்போது ஆறு வயது. எனக்குத் தெரியாத பலவும் அதில் இருந்தன.

முகமூடியைக் கழற்றிய பணி

கோப்பை வாசிக்க முடிந்தது வேறு பலரின் உழைப்பினால். தமிழுக்கு உலகளாவிய இடத்தை ஒருங்குறி 1991இலேயே ஒதுக்கியது. ஆயினும் பொதுப் பயன்பாட்டுக்கு வரப் பத்தாண்டு பிடித்தது; விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே சாதாரண கணினிகளில் அது வாசிக்கக் கிடைத்தது. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் ஒத்துழைக்காமையால் பத்திரிகைகள் அதன் பின்னரும் நெடுநாள் பாமினியை விடவில்லை. அந்த இடைவெளியில் எழுதப்பட்டவை அழியாமல் காத்தவை எழுத்துரு மாற்றிகள். ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றியை அக்கால வலைப்பதிவர்கள் நன்கறிவார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களைக் கணினியேற்றியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தந்தார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1997இல் அங்கு நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னோடியாக நின்று, 1999இல் மறைந்தார்.

விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டது. சென்னையில் 1999 பெப்ரவரியில் கூடிய மாநாட்டின் வழியாகத் தமிழ்99 வந்தது. உயிர்கள் 12 இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம், ஆய்தத்தோடு 31 விசைகள். ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கே தட்டு; இரட்டித்து வரும் மெய்க்குப் புள்ளியைப் பலகையே வைத்துவிடும். தட்டச்சுப் பொறியின் உறுப்புகளை விட்டுவிட்டுத் தொல்காப்பியர் வகுத்த உயிர், மெய்க்குத் திரும்பிய அமைப்பு என்று சொல்லலாம். இலங்கையோ பழைய விரல்களுக்கு மதிப்பளித்து, தட்டச்சு வழிவந்த ரெங்கநாதன் அமைப்பை 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்ற தரநிர்ணயத்தில் ஏற்றது. எது சிறந்தது என்ற வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நாற்பதாண்டு பழகிய என் விரலிடம் கேட்டால் அது பொறியின் பக்கம்தான் சாயும்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். எழுத்துகளுக்கு இத்தனை பேர் இத்தனை அமைப்புச் செய்தோம். எழுத்தைச் சூழ்ந்து நிற்கும் விசைகளின் பெயர்கள் இன்னும் நம் வாய்க்கு வரவில்லை. கலைச்சொல் அகராதிகளில் மாற்று விசை உண்டு, நுழைவு விசை உண்டு. விசையின்மேல் பொறித்த இடத்தில் இல்லை. ஜேர்மானியர் தம் பெயர்களை அகராதியோடு விட்டுவிடாமல் பலகையில் பொறித்தார்கள். ஆகவே பிள்ளை வாயில் அது பழகிவிட்டது. தமிழில் ஒருமுறை அது நடந்திருக்கிறது. தட்டச்சு வகுப்புக்குப் போன தமிழர் தலைமுறைகள் நகரா விசை என்று வாய் நிறையச் சொன்னார்கள். பொறியும் வகுப்பும் இருந்தவரை அச்சொல் உயிரோடு இருந்தது. அகராதியில் கிடந்ததால் அன்று, கையில் கிடந்ததால்.

நான்கு மாலைகள்

எழுத்து மாறிய இடங்களை ஒரே கட்டளையில் திருப்பிவிடலாமே என்று அண்ணன் மகள் கேட்டாள். லகரம் எல்லாவற்றையும் ணகரமாக்கு, ணகரம் எல்லாவற்றையும் லகரமாக்கு. கணினிக்கு அது ஒரு நொடி. ஆனால் முடியாது. அண்ணன் பாதியைத் தாமே கண்டு திருத்தியிருந்தார். திருத்திய இடம் எது, திருத்தாத இடம் எது என்று பொறிக்குத் தெரியாது. கல் என்றிருந்தால் அது கல்லா, கண்ணா என்று சொற்றொடரை வாசித்தே தீர்மானிக்க வேண்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வரி வரியாக உட்கார வேண்டும்.

உட்கார்ந்தோம். ஜேர்மனியின் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலையில் படித்த தமிழ் அவளுடையது. எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். பிழை வரும் இடத்தில் அவளே நின்று, “இது மண்தானே சித்தப்பா, மல் இல்லையே?” என்பாள். திருத்துவோம். நான்கு மாலைகள் ஆயின. மூன்றாம் மாலையிலிருந்து நான் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

பயணத்துக்கு முதல்நாள் அவள் தன் தொலைபேசியில் ஒரு குறிப்பு எழுதிக் கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கட்டுரைகளுக்கு ஒரு முன்னுரை. தமிழில் அடித்துக் கொண்டிருந்தாள். ஓரிடத்தில் எழுத்து மாறிவிட, அழிக்கும் விசையைத் தேடினாள். இம்முறை அவள் என்ட்ஃபெர்னென் என்றும் சொல்லவில்லை, டிலீட் என்றும் சொல்லவில்லை.

“அழி எங்கே, சித்தப்பா?” என்றாள்.